ஜாதி நாய்

போன வருடம் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால், ஒரே வாரத்தில் இரண்டு முறை எங்கள் வீட்டு போர் மோட்டாரின் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காகத்தான். முதல் முறை எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் முறை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. “ஒரு நாய் இருந்தா இப்பிடி நடக்குமாடா? எங்க காலத்துல நாய் இல்லாத வூடு உண்டா?” என்றாள். நாய் வாங்குவது என்று அன்று இரவே முடிவாகிவிட்டது. எந்த நாய் என்பதில்தான் எட்டு மாதம் போனது.

எங்கள் ஊர் பெரிய முதலியார்சாவடி. புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். சாலைக்குக் கிழக்கே மீனவர் தெருக்களும் கடலும், மேற்கே செம்மண் மேடும் ஆரோவில்லும். இன்னும் வடக்கே போனால் மரக்காணம், அதன் உப்பளங்கள். நான் இயந்திரவியல் படித்துவிட்டு மென்பொருளில் பிழைப்பவன். கொரோனா காலத்தில் சென்னையிலிருந்து ஊருக்கு வந்து வேலை பார்க்க ஆரம்பித்தவன், பிறகு திரும்பிப் போகவில்லை. வீட்டில் அம்மா, மனைவி, ஐந்து வயது மகள். மனைவிக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம்.

எனக்கு ராஜபாளையம் வேண்டும். சின்ன வயதில் ஒரு காலண்டரில் பார்த்த படம் அது. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண், தோளுயரம் இரண்டேகால் அடி. மனைவிக்கு சிப்பிப்பாறை. “எங்க ஊரு நாயி” என்பதற்கு மேல் அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. “உப்புக்காத்துல கரிசக்காட்டு நாய் தாங்குமா?” என்று கேட்டேன். “கி.ரா.வே இங்க வந்து இருந்தாரு, நாய் இருக்காதா?” என்றாள். இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 1989-இல் புதுவைக்கு வந்தவர், 2021 மே மாதம் மறையும்வரை இங்கேதான் இருந்தார்.

தொழில் புத்தி, எக்செல்லைத் திறந்தேன். காவல், குழந்தையோடு பழகுவது, வெயில், உப்புக்காற்று, சாப்பாட்டுச் செலவு, ஓட வேண்டிய தூரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், ஒரு எடை. ராஜபாளையம் இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் ஜெயித்தது. அவள் மடிக்கணினியை வாங்கி ‘காவல்’ என்பதன் எடையைக் குறைத்து ‘குழந்தை’ என்பதன் எடையைக் கூட்டினாள். சிப்பிப்பாறை ஜெயித்தது. எடையை மாற்றினால் விடை மாறும். அலுவலகத்தில் பத்து வருடமாக நான் செய்துவருவதும் இதைத்தான். மதிப்பெண்களை எங்கிருந்து எடுத்தேன் என்று அவள் கேட்டபோதுதான் சங்கடமாகப் போயிற்று. யூடியூபில் நாய் விற்பவர்கள் சொன்னது. சரி, இந்த நாய்களை யார், எதற்காக வளர்த்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

ராஜபாளையம் நாயைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும் பாளையக்காரர்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியில் தென்னாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது, அந்தப் பாளையக்காரர்கள் கோட்டைக் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வைத்திருந்த நாய் இது என்பது வழிவழியாக வரும் பேச்சு. ஆங்கிலேயரும் இதைப் பாளையக்காரர் நாய் என்றுதான் அறிந்திருந்தார்கள். வெள்ளையர் குதிரைப் படையை இந்த நாய்கள் சிதறடித்தன என்று இணையத்தில் ஒரு வீரக்கதை சுற்றுகிறது. யாரும் ஆதாரம் காட்டுவதில்லை, அதனால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாளையங்களைப் பற்றிய கதைகளில் நாய் வரும் முக்கியமான கதை வேறொன்று. அதில் நாய் தோற்கிறது. பாஞ்சாலங்குறிச்சி உருவானதற்குச் சொல்லும் கதை: வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்துகின்றன. ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் முயல் திரும்பி நின்று நாய்களை விரட்டுகிறது. இந்த மண்ணுக்கு வீரம் இருக்கிறது என்று அங்கே கோட்டை கட்டுகிறார்கள். இதே கதை அதற்கு முன்பே விஜயநகரத்துக்கும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த நூனிஸ் என்ற போர்ச்சுகீசியர் எழுதி வைத்திருக்கிறார். வடுகர் தெற்கே வந்தபோது கதையும் கூட வந்திருக்க வேண்டும். மனைவியிடம் இதைச் சொன்னேன். “அப்ப உங்களுக்கு முயல்தான் சரி” என்றாள்.

கதையை விட்டுவிட்டு வருடங்களைப் பார்த்தால் இந்த நாய்களுக்கு என்ன ஆயிற்று என்பது விளங்கும். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்படுகிறார். 1801-க்குள் பாளையக்காரர் போர்கள் முடிந்து கோட்டைகள் இடிக்கப்படுகின்றன, ஆயுதங்கள் பறிக்கப்படுகின்றன. எஞ்சியவர்கள் ஜமீன்தார்கள் ஆகிறார்கள். காக்கக் கோட்டை இல்லை, ஆனால் நிலமும் பொழுதும் இருந்தன. வேட்டை பொழுதுபோக்கானது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து நிலமும் போகிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். காட்டுப்பன்றி, முயல் எல்லாம் அதன் அட்டவணைகளுக்குள் வந்துவிட்டன. முதலில் கோட்டை, அடுத்து நிலம், அடுத்து இரை என்று நூற்றெழுபது வருடத்தில் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் வேலை இல்லாத நாய் மட்டும் மிச்சம். 1972-க்குப் பிறகு ராஜபாளையமும் சரி, சிப்பிப்பாறையும் சரி, எதற்காக உருவாக்கப்பட்டதோ அதைச் சட்டப்படி செய்யவே முடியாத நாய்கள். நானும் என் மனைவியும் எக்செல்லில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது இரண்டு பழைய வேலைகளின் அனுபவச் சான்றிதழ்களை.

வேலை போனதும் நாயைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் மாறியது. பன்றியைப் பிடிக்கிறதா என்று பார்த்தவர்கள் போய், வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் வந்தார்கள். ராஜபாளையத்தில் வேறு நிறக் குட்டிகளும் பிறக்கும். வாங்க வருகிறவர்கள் வெள்ளையைத்தான் கேட்கிறார்கள், மூக்கு சிவந்திருந்தால் கூடுதல் விலை. ஆகவே வெள்ளையையும் வெள்ளையையும் சேர்த்தார்கள். அதுவும் பக்கத்து உறவுக்குள்ளேயே. விளைவு, இந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருக்கின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதல்ல. காதுக்குள்ளே இருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையையும் மின்னழுத்தத்தையும் காப்பாற்றுவது. அவை போய்ச் சேராத காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் பிறந்த சில வாரங்களில் செத்துவிடும். செத்தது திரும்ப வராது. உலகம் முழுக்க வெள்ளை நிறத்துக்காக வளர்க்கப்பட்ட நாய்களில் இந்தக் கோளாறு உண்டு. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன் நாய்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காது. ஒரு காது மட்டும் செவிடான நாயை வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது, மூளையின் மின் அலையை அளக்கும் சோதனை வேண்டும். இரண்டு காதும் கேட்காத குட்டிகூட மற்ற குட்டிகளைப் பார்த்துத் தானும் திரும்பி ஏமாற்றிவிடும். வாங்கப் போகிறவர்கள் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது வேறெங்கோ பார்க்கும்போது, தரை அதிராமல், பின்னாலிருந்து ஒலி எழுப்பிப் பார்க்க வேண்டும்.

காவலுக்கென்று பேர் வாங்கிய நாய்க்குக் காது கேட்காமல் போக வைத்திருக்கிறோம், நிறத்துக்காக. என் காலண்டர் படம் அன்றைக்குத்தான் கொஞ்சம் மங்கியது. மனைவி அப்போதும் விடவில்லை. “ஒங்களுக்கு நாய் வேணுமா, செவத்துல மாட்டப் படம் வேணுமா?”

தை மாதம் சாத்தூர் போனபோது சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனோம். சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், நாய்க்கு அந்த ஊரின் பெயர். பெரியவர் இருந்தது அந்த ஊரில் அல்ல, பக்கத்தில் வேறொரு கிராமம். நாலு பக்கமும் கரிசல், பருத்தி எடுத்து முடிந்த காடு. அந்த வெளியைப் பார்த்த பிறகுதான் நாயின் உடம்பு எனக்குப் புரிந்தது. மறைந்துகொள்ள மரமில்லை. முயல் தெரிகிறது, ஆனால் தூரத்தில். மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தால் முயல் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். கண்ணால் பார்த்து, பார்த்த நொடியில் பாய வேண்டும். அதற்குத்தான் அந்த ஒடுங்கிய தலை, ஆழமான மார்பு, முதுகோடு ஒட்டிய வயிறு. இந்த வகை நாய்கள் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பாய்ச்சலில் இரண்டு தடவை நாலு காலும் தரையில் இருக்காது. ஆப்கானிஸ்தானின் தாஸி, அரபு நாட்டு சலுக்கி, இங்கிலாந்தின் கிரேஹவுண்ட் எல்லாமே இதே உடற்கட்டுதான். திறந்தவெளி எங்கே இருந்ததோ அங்கெல்லாம் இதே மாதிரி ஒரு நாயை மனிதன் செய்துகொண்டிருக்கிறான்.

பெரியவர் கயிற்றுக்கட்டிலில் இருந்து எழாமலே ஒரு சந்தன நிற நாயைக் கூப்பிட்டார். வந்து கட்டில் காலருகே படுத்தது. விலா எலும்பை எண்ணலாம். என் மகள், “அதுக்குச் சாப்பாடு குடுக்கலையா தாத்தா?” என்று கேட்டுவிட்டாள்.

“கம்பங்கூழும் மோரும் வயிறு நெறயத்தான் ஊத்துறேன் தாயி. இது சதை வச்சா ஓடாது.” என்னிடம் திரும்பினார். “நேரா ஓடுற நாயி முயலப் பிடிக்காது தம்பி. முயலு வளையும். அது வளையப்போறது நாயிக்கு முன்னமே தெரியணும். அது குட்டியிலயே தெரிஞ்சிரும். எல்லாத்துக்கும் வராது.”

“இப்ப வேட்டைக்குப் போறது இல்லையே, இது என்ன செய்யுது?”

“திங்குது, ஒறங்குது. மெட்ராஸ்ல இருந்து ஆளுக வந்து போட்டோ பிடிக்காக.”

இதைத் தமாஷாகச் சொன்னார் என்று நினைத்தேன். தமாஷ் இல்லை. வீடுகளுக்குப் போன குட்டிகளில் எத்தனை கட்டிலேயே கிடந்து குணம் கெட்டுப்போயின என்று அவர் கணக்குச் சொன்னார். கட்டிப்போட்டால் ஊளையிடும், அவிழ்த்து விட்டால் ஆட்டுக்குட்டியைத் துரத்தும். அது ஆட்டுக்குட்டியின் மேல் உள்ள கோபம் இல்லை, ஓடுகிற எதையும் துரத்தத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். காவலுக்கும் பெரிதாக நம்ப வேண்டாம் என்றார். எஜமானுக்கு உயிரை விடும், ஆனால் வாசலில் உட்கார்ந்து குரைக்கும் பொறுமை அதற்குக் கிடையாது. நாய் விற்கிறவர் ஒருவர் நாயைப் பற்றி இவ்வளவு குறை சொல்லி நான் கேட்டதில்லை. கூடுதலாக நான் பிறகு படித்த ஒன்று: மெலிந்த உடம்பும் கொழுப்பில்லாத சதையுமாக இருப்பதால் இந்த வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் ஒத்துக்கொள்ளாது, தெளிய நேரமாகும். கருத்தடைக்குக் கொண்டு போகும்போது மருத்துவரிடம் இனத்தைச் சொல்ல வேண்டும்.

கறுப்பும் செம்பழுப்புமாக இன்னொரு நாய் வேலியோரம் நின்றது. அது கன்னி. தனி இனம் என்று சிலர், சிப்பிப்பாறையின் நிறம் என்று சிலர். பெண் கல்யாணமாகிப் போகும்போது சீராகக் கொடுத்த நாய், அதனால் கன்னி என்று ஒரு விளக்கம் உண்டு. பெரியவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். “எங்க அய்யா காலத்துல நல்ல குட்டிய விக்க மாட்டாக. யாரு கைக்குப் போகுதுன்னு பாத்துத்தான் குடுப்பாக” என்றார்.

“யாரு கைக்கு?” என்றேன். கட்டிலின் கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டார். பதில் வரவில்லை. மனைவி எழுந்து போய் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது காரில் அவளாகவே சொன்னாள். “எங்க தாத்தா வேட்டைக்குப் போவாருன்னு சொல்லிருக்கேன்ல. அவருக்கு நாய் கெடையாது. மேலத்தெரு நாயிக்குப் பின்னால ஓடுவாரு. அது கவ்வுற முயல வாங்கித் தூக்கிட்டு வரணும். காலு தெறிக்க ஓடுனது அவரும்தான். ஒரே ஒரு குட்டி கேட்டாராம், குடுக்கல.”

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இதை அன்றைக்குத்தான் கேட்கிறேன். “எங்க ஊரு நாயி” என்ற சொற்றொடருக்கு என் எக்செல்லில் ஒரு நிரலும் இல்லை.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018-இல் வந்தது. அதில் வரும் கருப்பி வேட்டை நாய். அதைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்வது நாய் என்பதற்காக அல்ல, அது யாருடைய நாய் என்பதற்காக. அந்தப் படத்தை நான் சென்னையில், பாப்கார்னோடு, ஒரு நல்ல படம் என்று பார்த்துவிட்டு வந்தவன். அவள் இடைவேளைக்குப் பிறகு பேசவே இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

நாம் இந்த நாய்களைச் சொல்லும் சொல்லே ‘ஜாதி நாய்’தானே. சாதிமல்லி என்கிற மாதிரி, வகை என்ற பொருளில் வரும் அப்பாவிச் சொல் என்று வாதாடலாம். ஆனால் இதன் மறுபக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. தெருவில் திரியும் நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘பறையா நாய்’. பறையர் என்ற பெயரைத் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்ட எதற்கும் ஆங்கிலத்தில் அதையே வைத்துவிட்டார்கள். 1886-இல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் பறையா நாய்க்கு இடம் உண்டு. பாளையக்காரர் நாய்க்கும் உண்டு. மனிதர்களை எப்படி அடுக்கினார்களோ அப்படியே நாய்களையும் அடுக்கி ஒரே புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த அடுக்கு இல்லை இது, இங்கே இருந்ததைத்தான் எழுதிக்கொண்டான்.

அவன் கொண்டுவந்தது வேறொன்று: தாள். இங்கிலாந்தில் கென்னல் கிளப் 1873-இல் தொடங்கியது, இந்தியாவில் 1896-இல். அதற்கு முன் ஒரு நாய் நல்ல நாய் என்பதற்கு அது செய்த வேலைதான் சான்று. அதற்குப் பின் பெற்றோர் யார், தாத்தா பாட்டி யார், உயரம் எத்தனை, மூக்கு என்ன நிறம் என்று பதிந்த தாள். தாளில் இருப்பது ஓடத் தெரியுமா என்பது அல்ல, யாருக்குப் பிறந்தது என்பது. வெகு காலம் அந்தத் தாளும் அல்சேஷனுக்கும் லேப்ரடாருக்கும்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் நம் வீடுகளில் ‘ஜாதி நாய்’ என்றால் பொமரேனியன் என்றுதான் பொருள். இன்றைக்கு ‘பெடிக்ரீ’ என்றால் என் மகளுக்குத் தெரிந்தது மளிகைக் கடையில் தொங்கும் நாய்த் தீனிப் பாக்கெட்.

அரசாங்கம் நாட்டு நாயைக் கவனித்தது பிந்தித்தான். 1980-81 வாக்கில் சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசு ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை குட்டிகளை அங்கே பதிவு செய்து வாங்கலாம். நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலையைக் குறித்து விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குப் போட, 2016-இல் அதை மூடும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது, ராஜபாளையம் அதில் ஒன்று. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடிய பிறகு நாட்டு மாட்டோடு நாட்டு நாய்க்கும் மவுசு வந்தது. அதே வருடம் தியடோர் பாஸ்கரனின் இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூலும் வந்தது. அதில் பெருமிதம் இருந்தது, கூச்சல் இல்லை. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் முதன்முதலில் பதிவு செய்த மூன்று நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல். 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லி வளர்க்கச் சொன்னார். என்னைப் போன்றவர்கள் ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம். பலர் வாங்கினார்கள். அதில் எத்தனை பேர் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓட விட்டார்கள் என்று பெரியவரைக் கேட்டால் சொல்வார்.

நாட்டு இனம் காப்பது நல்ல காரியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ‘தூய ரத்தம்’ என்று யூடியூபில் ஒருவர் குட்டியைக் கையில் தூக்கிக் காட்டும்போது, அந்தச் சொல் நாய்க்கு முன்னால் எங்கெல்லாம் புழங்கியது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தூய ரத்தம் காதைச் செவிடாக்கும் என்பது அதன் உயிரியல்.

வரலாற்றைப் படித்தது போதும், நம் வீட்டைப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். காலை ஆறரைக்குள் கீரை, பால், மீன். மீன்கார அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போய்க் கூடையை இறக்கினார். பின்னாலேயே பக்கத்து வீட்டு ஆடு மூன்று. கடலுக்கு வழி கேட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் ஸ்கூட்டரில். வலை பின்னுகிற தாத்தா எங்கள் திண்ணை நிழலுக்கு வந்து உட்கார்ந்தார். ஒன்பது மணிக்குள் பதினேழு பேரை எண்ணினேன். எங்கள் ஊரின் பெயரிலேயே சாவடி இருக்கிறது. வழிப்போக்கர் தங்கிப் போக முதலியார் ஒருவர் கட்டிய இடமாம். எந்த முதலியார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு பதில். அன்னியரை விடாது என்பதுதான் ராஜபாளையம் நாயின் பெருமை. அன்னியர் வந்து போவதுதான் இந்த ஊர்.

அம்மா உள்ளே இருந்து கேட்டாள். “வர்றவங்கள்ல யாரு நம்மாளு, யாரு வேத்தாளுன்னு அதுக்கு எப்படிடா தெரியும்?” நாம் யாரைக் கண்டு முகம் சுளிக்கிறோமோ அவரைப் பார்த்து நாய் குரைக்கும். பெரிய வீடுகளின் நாய்கள் யாரைப் பார்த்துக் குரைத்தன என்று எனக்கு இப்போது கேட்காமலே தெரியும்.

எக்செல்லில் ராஜபாளையம் நிரலை அழித்தேன்.

சிப்பிப்பாறைக்கும் இடம் அவ்வளவு சுலபமாக இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது இங்கே கடற்கரை இருந்தது, கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். 1980-களின் இறுதியில் புதுவைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காகப் போகும் கடல் இது. சுவர் மணலை நிறுத்திவிட்டது, வடக்கே இருக்கும் எங்கள் ஊர்களைக் கடல் அரித்துக்கொண்டே வந்தது. இப்போது கருங்கல் குவியல்களும் நடுநடுவே துண்டு மணலும். மிச்சமிருக்கும் மணலில் தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிட வரும், அவிழ்த்துவிட்ட நாய் தோண்டிவிடும். கிழக்கே கல், நடுவில் பேருந்துகள் பறக்கும் சாலை, மேற்கே பக்கத்து வீட்டு ஆடு. கரிசல் வெளிக்காகச் செய்த உடம்பை இதில் எங்கே ஓட விடுவது?

மரக்காணத்தில் என் தாய்மாமா உப்பளத்தில் வேலை பார்த்தார். மோட்டார் கொட்டகையில் அவரோடு ஒரு செவலை நாய் இருந்தது. எந்த ஜாதியும் இல்லாதது. உப்பை யாரும் திருடப் போவதில்லை, அது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “ராத்திரி பேச ஆள் வேணாமா?” என்றார். அதைத்தான் கொண்டுவரலாமே என்று இதைப் படிக்கும் பாதிப் பேர் நினைப்பீர்கள். நானும் மனைவியிடம் அதைச் சொன்னேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன், தெருவிலேயே நல்ல நாய் இருக்கிறது என்றேன். முற்போக்காகப் பேசிவிட்ட நினைப்பு எனக்கு. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஒனக்கெதுக்குடா வேட்டை நாயி, தெருவுல கெடக்குறத வச்சுக்கோன்னு.”

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, 7-ஆம் நூற்றாண்டு. மாடு மீட்கும் சண்டையில் செத்துப்போன வீரனுக்கு வைத்த கல். அவன் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. கள்ளரைக் கடித்து அங்கேயே காத்து நின்றது என்று எழுத்து சொல்கிறது. நாயின் பெயர் கோவிவன். வைகாசியில் ஒரு வேலையாகத் திருவண்ணாமலை போன நான், அதன் புகைப்படத்தைப் புத்தகத்தில் காட்டி மனைவியிடம் கேட்டேன், “இது என்ன இனம்னு சொல்லு பாப்போம்.” வெகு நேரம் பார்த்தாள். “வாலு வளைஞ்சிருக்கு. சிப்பிப்பாறை இல்ல” என்றாள். அவ்வளவுதான்.

ஒயர் திருட்டு தீர்ந்துவிட்டது. மோட்டாரைச் சுற்றி இரும்புப் பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டு, மேலே ஒரு விளக்கும் வைத்தேன். நாயின் ஒரு மாதத் தீனிச் செலவைவிடக் குறைவு. ஆக, காவல் என்ற நிரலும் தாளிலிருந்து போயிற்று. மீதி இருந்தது ஓட வேண்டிய தூரம் மட்டும்தான்.

அதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். “ஆறு மாசம், தெனம் காலைல அஞ்சு கிலோமீட்டர் நீங்க ஓடுங்க. நாய் இல்லாம. ஓடிட்டீங்கன்னா போய்க் குட்டி தூக்கிட்டு வருவோம். இல்லைன்னா அது அங்கயே இருக்கட்டும்.” பெரியவருக்கு அவளே போன் செய்து மார்கழி ஈற்றில் ஒரு பெட்டைக் குட்டிக்குச் சொல்லி வைத்தாள். பேரைக் கேட்டிருக்கிறார். தன் பேரைச் சொல்லவில்லை, தாத்தாவின் பேரைச் சொல்லிப் “பேத்தி பேசுறேன்” என்றாள். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “மார்கழி கடைசில வாங்க தாயி, நீங்களே பாத்து எடுத்துக்கோங்க” என்றாராம்.

இன்றோடு முப்பத்தெட்டு நாள். ஐந்தேகாலுக்குக் கிளம்பி, கோயில் வரை தெரு, அப்புறம் கல் இல்லாத துண்டு மணல், திரும்பவும் தெரு. நான்கு நாள் தவறிவிட்டது, இரண்டு மழைக்கு, இரண்டு சோம்பலுக்கு. நான்கையும் அவள் எக்செல்லில் சிவப்பில் குறித்து வைத்திருக்கிறாள்.